இருபத்து மூன்று கிட்டார்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் பதினோரு பேர், தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் சண்முகவடிவு. அவள் புருஷன் சுடலைமணி. அவர்கள் பிள்ளை கவின்மலர், ஐந்து வயது, காலையில்தான் காது குத்தியிருந்தது. சுடலைமணியின் அம்மா. சுடலைமணியின் தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்களுடைய கைக்குழந்தை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் ஒரு தலை என்றால் ஒரு தலைதான். பக்கத்து வீட்டில் இருக்கும் ரிட்டயர் ஆன போஸ்ட்மேன். பாத்திரத்தை எண்ணி எடுத்துப்போக வந்த சமையல்கார அம்மா. என் மகன் கோமதிநாயகம். அப்புறம் நான். பதினொன்று. என் மனைவி குருவம்மாள் சுவரில் படமாக இருந்தாள். அவளைச் சேர்க்கவில்லை.

காலையில் கோயிலில் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. அந்த மட்டில் நல்லது.

பையில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கிட்டார். எலெக்ட்ரிக் கிட்டார். "நீங்க வாசிப்பீங்களா பெரியவரே?" என்று கேட்டீர்கள். கேட்டதில் கிண்டல் இல்லை என்று தெரிந்தது, அதனால் பதில் சொல்கிறேன். மற்றபடி நான் பஸ்ஸில் பேச்சுக் கொடுக்கிறவன் இல்லை. இந்தக் கிட்டாருக்காக மட்டும் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு எட்டு தடவை வந்திருக்கிறேன், இன்றைக்கு வந்ததையும் சேர்த்து. பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கண்டக்டர் இதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். என் காலுக்கு நடுவில்தானே நிற்கிறது, யாருக்கு என்ன இடைஞ்சல் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. எழுதச் சொன்னால் எழுதுவேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மில்லுக்குள் வரும் ஒவ்வொரு போல்ட்டும் நட்டும் என் கையைத் தாண்டித்தான் வரவேண்டும். எது வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன். மூன்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதுவேன். விலை ஒரு கட்டம், தரம் ஒரு கட்டம், எத்தனை நாளில் வரும் என்று ஒரு கட்டம், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். வழக்கத்துக்கு மாறாக எது இருந்தாலும் அந்தக் குறிப்புக் கட்டத்தில் வந்துவிட வேண்டும். வராவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன். வந்த சாமானில் பழுது இருந்தால் சிவப்புச் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. அது தனி அடுக்குக்குப் போய்விடும். முப்பத்து நான்கு வருஷத்தில் நான் பெருக்கல் குறி போட்ட எதையும் மானேஜர் திரும்ப எடுத்ததில்லை.

என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் மெட்ராஸில் இருக்கிறான். கல்யாண ரிசப்ஷன், ஓட்டல், இப்படிப் போய்க் கிட்டார் வாசிக்கிறான். பகலில் நாலைந்து பேருக்குச் சொல்லியும் தருகிறான். வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு வருஷம். இந்தப் பதினான்கு வருஷத்தில் என்னோடு பேசியது ஒன்பது தடவை. அதிலும் ஏழு தடவை அவன் அம்மா போனை என் காதில் கொண்டுவந்து வைத்தது. அவள் போன வருஷம் இறந்துபோனாள். கொள்ளி வைக்க வந்தவன் என்னிடம் பேசாமலே போய்விட்டான். அதற்கப்புறம் வைக்க ஆள் இல்லை.

ஏன் போனான் என்று கேட்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கிட்டார் வேண்டும் என்று கேட்டான். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். "மூணு கடையில கொட்டேஷன் வாங்கிட்டு வா" என்றேன். வாங்கிவந்தான். திருநெல்வேலியில் இரண்டு, மதுரையில் ஒன்று. மூன்று சீட்டிலும் அதே மாடல். மதுரைச் சீட்டில் ஐயாயிரம் என்று போட்டிருந்தது. அந்த வாரமே மில் வேலையாக நான் மதுரை போகவேண்டி வந்தது. அதே கடைக்குப் போனேன், அதே மாடலை விசாரித்தேன். நான்காயிரத்து இருநூறு என்றார்கள்.

எண்ணூறு ரூபாய் கூட.

ஏன் என்று கடைக்காரரிடமே கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். எனக்குக் கடையில் நின்று கேள்வி கேட்கக் கூச்சம். விலையை மட்டும் தெரிந்துகொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அவனிடம்தான் கேட்டேன். "ஏலே நாயகம், இந்த எண்ணூறு எதுக்கு?" அவன் பேசவில்லை. "கடைக்காரன்கிட்டச் சொல்லிக் கூடப் போட வைச்சியா? உனக்கு எவ்வளவு அதுல?" அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் முற்றத்தில் துணி காயப்போடப் போய்விட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, குறிப்புக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. நான் என்ன செய்ய? மூன்று சீட்டையும் ஃபைலில் போட்டு மூடிவிட்டேன். அறுபத்தோராம் நாள் அவன் போய்விட்டான்.

இப்போது ஏன் வாங்கினேன் என்றால், வடிவுதான் போனில் சொன்னாள். கார்த்திகையில் பெய்த மெட்ராஸ் மழையில் அவன் இருந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கிட்டார் ஊறிப்போய்விட்டதாம். வாடகைக்கு எடுத்து வாசிக்கிறானாம். வாசித்து வருகிற காசில் பாதி வாடகைக்கே போகிறதாம். சொல்லிவிட்டு, "ஆவணியில கவினுக்குக் காது குத்துறோம்ப்பா, அவன் வாரேன்னுட்டான்" என்றாள். பிள்ளைக்கு ஒரு வயதிலேயே குத்தியிருக்க வேண்டியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அவன் வராததால் நான்கு வருஷம் தள்ளிப்போனது. அந்த ஒரு நாள் அவன் வந்தே தீரவேண்டும், நானும் இருந்தே தீரவேண்டும். அன்றைக்குக் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதை வாங்கிக்கொண்டானானால் பேசித்தானே ஆக வேண்டும்? ஒரு வார்த்தையாவது.

கைவசம் ஐந்து மாதம் இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

கடைகள் ஏழு. மதுரையில் நான்கு, திருநெல்வேலியில் இரண்டு, விருதுநகரில் ஒன்று. பார்த்த கிட்டார் இருபத்து மூன்று. சும்மா பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். விலை, எடை, மரம், எந்த நாட்டில் செய்தது, கழுத்தில் எத்தனை உலோகப் பட்டை, முறுக்கு ஆணி இறுக்கமா லூஸா, கம்பிக்கு அடியில் இருக்கிற காந்தம் இரண்டா மூன்றா. ஸ்பிரிங் தராசு கொண்டுபோயிருந்தேன். முதல் தடவை அதைப் பையிலிருந்து எடுத்தபோது, மதுரைக் கடையில் காஜா என்று ஒருவர், நாற்பது வயது இருக்கும், சிரித்துவிட்டார். "ஐயா, கிட்டார் வாங்க வந்தீங்களா, கறி வாங்க வந்தீங்களா?" கடையில் நான்கு பேர் இருந்தார்கள், நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் எடை போட்டேன். மூன்று கிலோ நானூறு. அதே மாடல் இன்னொன்று மூன்று கிலோ எண்ணூறு. ஒரே பெயர், ஒரே விலை, நானூறு கிராம் வித்தியாசம். "ஏன்?" என்று எழுதிக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "மரம் வேற வேற லாட்டுல வரும் ஐயா" என்றார். அதற்கப்புறம் எனக்கு ஸ்டூல் போட்டார்.

இன்னொன்று செய்வேன். கொஞ்சம் பஞ்சு கொண்டுபோவேன். மில்லில் ரோலர் வழவழப்பாக இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம், பஞ்சை மேலே ஓட்டினால் பிசிறு இருக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். கிட்டார் கழுத்தின் ஓரத்தில் அந்தப் பட்டைகளின் முனை இருக்கிறது அல்லவா, அதில் பஞ்சை ஓட்டுவேன். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கிட்டாரில் பதினான்கு இடத்தில் மாட்டியது. பதினாலாயிரத்தில் மூன்று இடம். பதினாறாயிரத்து எண்ணூறில் ஒரு இடத்தில்கூட மாட்டவில்லை. இருபத்தெட்டாயிரத்திலும் மாட்டவில்லை. அப்போது விளங்கிவிட்டது. ஆறரைக்கும் பதினாறே முக்காலுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியும். பதினாறே முக்காலுக்கும் இருபத்தெட்டுக்கும் உள்ள வித்தியாசம் தலையில் ஒட்டியிருக்கும் பெயரில்தான் இருக்கிறது. கம்பெனிப் பெயருக்குப் பதினோராயிரத்து இருநூறு. காஜா கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இதை வெளியில சொல்லிராதீங்க" என்றார்.

வாசிக்கச் சொல்லிக் கேட்டேனா என்கிறீர்கள். அவர் வாசித்துக் காட்டினார். சத்தம் எல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. கொஞ்ச வருஷமாகக் காது மந்தம். அதனால் சத்தத்துக்குக் கட்டம் போடவில்லை.

பதினேழாவது உருப்படிதான் இந்தக் கிட்டார். நீலம். பதினெட்டாவது உருப்படி இதே மாடல், இதே நீலம், கடையில் கீழ் அடுக்கில் ஓரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். திருகுகிற குமிழ் மேலே இருக்கிறது. கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது இந்தப் பக்கம் நீளமாக இருக்க வேண்டியது அந்தப் பக்கம் நீளம். தடித்த கம்பி இருக்கிற இடத்தில் மெல்லிய கம்பி. யாரோ மாற்றிப் பொருத்திவிட்டார்கள். விலையைப் பார்த்தேன். பத்தொன்பதாயிரத்து முந்நூறு.

"இது மாறிப்போயிருக்கு" என்றேன்.

"அது நொட்டாங்கைக்காரங்களுக்கு, ஐயா. கம்பெனியிலயே அப்படித்தான் வரும். கொஞ்சமாத்தான் செய்வாங்க, அதனால ரெண்டாயிரத்து ஐந்நூறு கூட."

பழுதுச் சாமானுக்கு விலை கூடவா? நான் எத்தனை வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். விற்காத சரக்கைத் தலையில் கட்ட ஆயிரம் காரணம் சொல்வார்கள். நோட்டில் அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். அதோடு விடவில்லை. வீட்டுக்கு வந்து கடை முதலாளிக்கு ஒரு கார்டு எழுதினேன். 'தங்கள் கடையில் கீழ் அடுக்கில் உள்ள நீல நிறக் கிட்டார் தவறாகப் பொருத்தப்பட்டது. அதைக் கூடுதல் விலைக்கு விற்பது தங்கள் கடையின் பெயருக்கு அழகல்ல.' கீழே கையெழுத்து, முகவரி எல்லாம்.

ஆனால் காஜா அன்றைக்கே கேட்டார். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். "உங்க பையன் எந்தக் கை ஐயா?"

"வலது" என்றேன்.

சொல்லும்போது எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. அந்த வலது கையை உண்டாக்கியவன் நான்.

அவன் பிறக்கும்போது அப்படி இல்லை. நான்கு வயதில் எதை எடுத்தாலும் நொட்டாங்கை. சோற்றிலும் அந்தக் கை, சிலேட்டிலும் அந்தக் கை. நாளைக்கு ஒரு பெரிய மனிதருக்கு எதையாவது அந்தக் கையால் நீட்டினால் யார் வளர்த்த பிள்ளை என்று கேட்பார்கள். நான் அவனை அடிக்கவில்லை. அடித்தது மொத்தம் மூன்று தடவை. சாப்பிடும்போது அந்தக் கையை ஒரு துண்டால் அரைஞாணோடு சேர்த்துக் கட்டிவிடுவேன், அவ்வளவுதான். வலிக்காது. சுவரில் மாதக் காலண்டர் இருந்தது. என்றைக்கெல்லாம் நொட்டாங்கையை நீட்டினானோ அந்தத் தேதியில் ஒரு கோடு. முதல் வருஷம் இருநூற்றுப் பதினொரு கோடு. இரண்டாம் வருஷம் அறுபத்து நான்கு. மூன்றாம் வருஷம் ஒன்பது. நான்காம் வருஷம் கோடே இல்லை. அந்த வருஷத்துக் காலண்டரை வெகுநாள் வைத்திருந்தேன். சுத்தமாக இருக்கும்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான்.

சரி. பதினேழாவது உருப்படியை வாங்கினேன். பதினாறாயிரத்து எண்ணூறு. தோள்வார் ஒன்று, ஒயர் ஒன்று, இந்தப் பை. ஸ்பேர் கம்பி இரண்டு செட். ஒரு செட்டுக்கு ஆறு. உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

காது குத்து அன்றைக்கு அவன் நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டான். மெலிந்துபோயிருந்தான். காதோரம் நரை. முப்பத்திரண்டு வயதில் நரை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி கம்பியை எடுத்ததும் அது வீறிட்டது. அவன் ஏதோ காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குக் கேட்கவில்லை. மத்தியானம் வடிவு வீட்டில் பந்தி. அவனுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தேன். சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கை. ஒரு பருக்கை சிந்தவில்லை. நொட்டாங்கை மடியில் பேசாமல் கிடந்தது. நான் செய்தது ஒன்று நிலைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குத்தான் அந்தப் பதினோரு பேர். பிள்ளைக்குக் காது வலி திரும்பி அழ ஆரம்பித்துவிட்டது. நான் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். என்ன பேச வேண்டும் என்று ஐந்து மாதமாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "பில் உள்ள இருக்கு" என்பதுதான்.

சுடலைமணி கைதட்டினார். "அடேயப்பா! மாமா, மகனுக்கு மட்டும்தானா? மருமகனுக்கு ஒரு தவிலாவது கிடையாதா?" எல்லோரும் சிரித்தார்கள். அவன்கூடக் கொஞ்சம் சிரித்தான். ஜிப்பைத் திறந்தான். பார்த்தான். அவன் முகம் என்ன ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரக்கு வந்த பெட்டியைத் திறந்ததும் வேறு சாமான் இருந்தால் ஃபிட்டர்கள் ஒரு மாதிரி நிற்பார்கள். அந்த மாதிரி.

"யாருக்குப்பா வாங்கினீங்க?"

பதினான்கு வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர் கேட்ட முதல் வார்த்தை, தம்பி.

"உனக்குத்தான்."

"இது வலது கைக்காரன் வாசிக்கிறது."

"நீ வலது கைதானே?"

சமையல்கார அம்மா கரண்டி எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான், கோபமாகக்கூட இல்லை. "சோத்துக்கும் எழுத்துக்கும் வலது கைப்பா" என்றான். "மிச்சத்துக்கு இல்ல."

சுடலைமணியின் அம்மா, அவர் நல்ல மனுஷி, "கம்பியை மட்டும் மாத்திப் போட்டுக்கக் கூடாதாய்யா?" என்றார். "போடலாம் அத்தை. குமிழ் கைய இடிக்கும். கம்பி உக்கார்ற தடம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு, மாத்தினா நிக்காது. சும்மா ஒப்பேத்தலாம். மேடைக்கு ஆகாது."

பிள்ளை அழுதுகொண்டே வந்து அவன் முழங்காலைப் பிடித்தது. "மாமா வாசி. மாமா வாசி." அவன் கிட்டாரை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினான். வலது கை கழுத்தைப் பிடித்தது. நொட்டாங்கை கம்பிக்கு வந்தது. அந்தக் கையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. துண்டில் கட்டியிருந்தபோது பார்த்திருக்கிறேன். சும்மா கிடக்கும்போது பார்த்திருக்கிறேன். அது இப்படி ஓடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இந்த எலெக்ட்ரிக் கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியில் சொருகாவிட்டால் சத்தம் வராது. வரும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். கடையில் பெட்டி இருந்தது, அது கிட்டாரோடு சேர்ந்தது இல்லை, அதனால் நான் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளை காதை அந்தக் கட்டையிலேயே வைத்துக்கொண்டது. வடிவு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் போஸ்ட்மேன்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் வாசலோரம் நின்றேன், ஏழடி தூரம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போயிருக்கலாம். எல்லோர் முன்னாலும் நடந்துபோய் உட்காரக் கூச்சமாக இருந்தது.

நான்கு நிமிஷம் வாசித்தான். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. அப்புறம் மெல்லிய கம்பி ஒன்று அறுந்தது. அது மட்டும் எனக்குக் கேட்டது.

துடைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டான். சுவரோரம் நிறுத்தினான். "கம்பிக்குக் காசு அனுப்பிருதேன்" என்றான். என்னிடம்தான் சொன்னான். கடைக்காரனிடம் சொல்வதுபோல. மூன்று நாற்பது பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் வடிவு வந்தாள். அவள் என்னை எதிர்த்துப் பேசியதே கிடையாது. "அந்த எண்ணூறு ரூவா என்னன்னு இன்னைக்காவது தெரிஞ்சுதாப்பா?"

"எந்த எண்ணூறு?"

"நடிக்காதீங்கப்பா. மூணு சீட்டு. இன்னும் ஃபைல்ல வைச்சிருக்கீங்க. அது நொட்டாங்கைக் கிட்டாருக்கு உண்டான விலை. அவன் ஒரு பைசா எடுக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். நம்ம தெருச் சேவியர் வீட்டு மாடியில அவன் நொட்டாங்கையால கிட்டார் கத்துக்கிட்டது தெருவுக்கே தெரியும். அம்மாதான் சொல்லிருந்தா, 'அப்பாகிட்டச் சொல்லிராதடா, மறுபடியும் கோடு போட ஆரம்பிச்சிருவாரு'ன்னு."

நான் படத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். அன்றைக்கு முற்றத்தில் துணி காயப்போடப் போனாள் என்று சொன்னேன் இல்லையா? அன்றைக்கு வீட்டில் துவைத்த துணியே கிடையாது. எனக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வடிவிடம் ஒன்றுதான் சொன்னேன். "சீட்டுல எழுதியிருக்கணும். குறிப்புக் கட்டத்துல ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்." அவள் எழுந்து போய்விட்டாள். போட்டிருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நோட்டில் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிவப்புப் பெருக்கல் குறி. குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'நொட்டாங்கைக்கு என்கிறார். நம்ப வேண்டாம்.'

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் நொட்டாங்கையால் போனில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பார்த்தேன். அதனால்தான் பேசினேன். கத்தரிக்கோல்கூட உங்களுக்குத் தனியா? அதற்கும் விலை கூடவா? எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன்.

பில்லில் ஏழு நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. இன்றைக்கு வாங்கி ஏழாவது நாள். காலையிலேயே போய்விட்டேன். காஜா கிட்டாரை வெளியில் எடுத்தார். கம்பி ஒன்று இல்லை. மார்பில் நகம் பட்ட கீறல், அவன் நகம். "யூஸ் பண்ணிட்டீங்க ஐயா. திரும்ப எடுக்க மாட்டாங்க." நான் கீழ் அடுக்கைப் பார்த்தேன். காலி. "அதுவா? ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு வந்து தூக்கிட்டுப் போயிட்டாளே. விலையே கேட்கல. மடியில வைச்சுப் பாத்தா, சிரிச்சா, கார்டைத் தேய்ச்சுட்டுப் போயிட்டா."

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் நான் எழுதிய தபால் கார்டை ஒட்டியிருந்தார்கள். தம்பி, என் கையெழுத்து, என் முகவரி. வருகிறவர் போகிறவர் எல்லாம் படித்துச் சிரிக்கட்டும் என்று. எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்று வரவழைக்க முடியுமா என்று கேட்டேன். இதையாவது கேட்டேன். மூன்று மாதம் ஆகும், முழுப் பணமும் முன்னால் கட்ட வேண்டும் என்றார். "எழுதிக் கொடுங்க" என்றேன். எழுதிக் கொடுத்தார். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது. பத்தொன்பதாயிரத்து முந்நூறு. குறிப்பு என்று ஒரு கட்டம் நானே போட்டு, அதில் 'இடது கை' என்று எழுத வைத்தேன். கொட்டை எழுத்தில்.

பணத்தை அங்கேயே கட்டியிருக்கலாமே என்கிறீர்கள். கையில் இருந்தது. இப்பவும் இருக்கிறது. அவனுக்குப் போன் பண்ணி எது வேண்டும் என்று கேட்டுவிடலாமே என்கிறீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒரே சீட்டை வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது? இன்னும் இரண்டு கடையில் வாங்க வேண்டும். திருநெல்வேலியில் ஒன்று, மெட்ராஸில் ஒன்று எழுதிக் கேட்கலாம். மூன்றும் வரட்டும். வந்ததும் பேசுகிறேன்.

சாத்தூர் வருகிறது. வடிவு வீடு இங்கேதான், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். நான் இறங்கவில்லை. கோவில்பட்டிக்குத்தான் டிக்கெட்.

நீங்கள் இறங்குகிறீர்களா? சரி. இந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்துகிறேன், பார்த்து. உள்ளே கம்பி ஸ்பேர் இரண்டு செட் பிரிக்காமல் இருக்கிறது, பன்னிரண்டு. கிட்டாரில் ஆறு இருந்தது, ஒன்று அறுந்தது. மீதி பதினேழு.